கையா, கல்லா

அத்தை சவரம் செய்யும்போது அப்பா தூங்கிவிடுவார். அப்பா ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவர், வாய் ஓயாத மனிதர். சிவப்பு விளக்குக்கு வண்டி நின்றால்கூடப் பக்கத்து வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுப்பார். ஆனால் தங்கையின் கடை நாற்காலியில் சாய்ந்து, நுரை பூசி, கத்தி இடது கன்னத்தில் இறங்கியதும் பேச்சு பாதியில் நின்றுவிடும். வலது கன்னத்துக்குப் போவதற்குள் குறட்டை வரும். வேலை முடிந்ததும் அத்தை அவர் காதருகே துண்டை உதறுவாள். அவர் கண்ணைத் திறந்து, விட்ட இடத்திலிருந்தே பேச்சைத் தொடர்வார்.

அந்த அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்காமல் எழுந்து வந்தார். வீட்டுக்கு வந்து தாடையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அம்மா என்னவென்று கேட்டதற்கு, "பஞ்சு கத்தி இழுக்குது" என்றார். அவர் ஒரு விஷயத்தை ஒரே வரியில் முடித்தது அன்றைக்குத்தான்.

பஞ்சு என்பது அத்தையின் உண்மையான பெயர் அல்ல. சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு மருத்துவமனையில் தரை துடைக்கச் சேர்ந்தவள் அவள். அறுவை சிகிச்சைக்கு முன்னால் நோயாளிகளுக்கு முடி மழிக்கிற ஆள் ஒரு நாள் வரவில்லை. நர்ஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, துடைப்பத்தோடு நின்றிருந்த அத்தையின் கையில் கத்தியைக் கொடுத்திருக்கிறார். அன்றைக்குப் படுத்திருந்தவர் லாரி டிரைவர். பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து அத்தை துடைத்துவிட்ட பிறகும், "எப்பம்மா ஆரம்பிப்பே?" என்று கேட்டாராம். வார்டு முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து பஞ்சு.

குணமாகிப் போனவர்களில் ஒருவர் நான்கு நாற்காலி போட்ட சலூன் வைத்திருந்தார். அவர் அத்தைக்கு நான்காவது நாற்காலியைக் கொடுத்தார். முதலில் ஆட்கள் மற்ற மூன்று நாற்காலிகளும் காலியாகும்வரை பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்களாம். பிறகு அது தலைகீழானது. பல வருடம் கழித்துத் தனியாகக் கடை போட்டாள். இப்போது அது தையல்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே, இரண்டு கண்ணாடி, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் ஒல்லி. முப்பது வயதுக்காரன், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். பையனாக வந்தபோது வைத்த பெயர் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. அவன் எல்லோரையும்போலப் பிளேடு மாற்றுகிற கத்தி வைத்திருக்கிறான். அத்தை மட்டும் இன்னமும் மடக்குகிற முழுக்கத்தி. அதைக் கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து, பதம் பார்த்துத்தான் எடுப்பாள். மெல்லிய தோல்காரர்கள், முகத்தில் கொப்புளம் வருகிறவர்கள், பிளேடு பட்டாலே ரத்தம் கசிகிறவர்கள் எல்லாம் அவளைத் தேடி வருவார்கள்.

அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பாள். "நான் எதுக்குக் கழுத்தை நீட்டணும்? தினமும் இவங்கல்ல எனக்கு நீட்டுறாங்க."

கத்தி இழுக்கிற செய்தியைக் கேட்ட வாரமே நான் கடைக்குப் போனேன். கடைக்கு விடுமுறை நாள். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து, அத்தை சீப்புகளை வெந்நீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் நிலவியல் பட்டம் முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். வேலை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அதனால் அழைக்காமலே எங்கேயும் போகிற நேரம் எனக்கு இருந்தது. அப்பா சொன்னதை நான் சொல்லவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"உங்கப்பன் தூங்கல பாத்தியா?"

பிறகு சாவகாசமாக, வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோல் சொன்னாள். சில மாதங்களுக்கு முன் எதிர்வரிசையிலிருந்து இந்த இடத்துக்குக் கடையை மாற்றியபோது, பழைய கல் அவள் கையிலிருந்து விழுந்து உடைந்தது. அவள் தவறவிடவில்லை, விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. அதற்குப் பிறகு காலையில் வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றன. உடைந்த கல்லுக்குப் பதிலாக, மூடப்போகிற 'மூணு கண்ணாடி' சலூனிலிருந்து சாமான்களோடு ஒரு பழைய கல் வந்தது. அதில் எவ்வளவு தீட்டினாலும் கூர் வந்த மாதிரி இருக்கிறது, முகத்தில் வைத்தால் முடியை வழிக்காமல் இழுக்கிறது. யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. சும்மா ஒல்லியின் நாற்காலிக்கு நகர்ந்துவிடுகிறார்கள். கடையை வாடகைக்கு விட்ட கட்டடக்காரரிடம், இந்த மாதக் கடைசியில் தான் விலகிக்கொள்வதாகச் சொல்லியாயிற்று. ஒல்லி தனியாக நடத்திக்கொள்வான்.

கல் சரியில்லாமல் இருக்கலாமே என்று கேட்டேன்.

"கல்லு பாவம்டி. அது என்ன பண்ணும்?" என்று சிரித்தாள். ஆனால் எழுந்து போய் அதை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். "நீதான் கல்லுக்குப் படிச்சவளாச்சே மருமகளே. இது என்ன சாதின்னு பாரு."

ஒரு சாண் நீளம், மூன்று விரல் அகலம். கத்திரிப்பூ கலந்த சாம்பல் நிறம். மரப்பெட்டிக்குள் விளிம்புவரை புதைந்து, சுற்றிலும் பழுப்பு அரக்கு வைத்து ஒட்டப்பட்டிருந்தது. மேல் முகம் மட்டும்தான் தெரிந்தது. முத்திரையோ எழுத்தோ ஒன்றும் இல்லை. நான் அதை வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து வேலையைத் தொடங்கினேன். ஒரு மூலையில் வினிகர் சொட்டினேன். நுரைக்கவில்லை; சுண்ணாம்புக்கல் இல்லை. ஆணியால் ஓரத்தைக் கீறினேன். தண்ணீர் விட்டுத் தேய்த்து அந்தக் கரைசலை வெள்ளைத் தட்டில் பார்த்தேன். லென்ஸை வைத்துப் பார்த்தபோது களிமண் பாறை இறுகிய மெல்லிய அடுக்குகள் தெரிந்தன. பள்ளியில் எழுதும் சிலேட்டின் இனம்தான். நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னப் புள்ளிகள் மினுங்கின. கார்னெட் என்கிற படிகம் அது. இரும்பை அறுப்பது அதுதான். அப்பா ரொட்டி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கல்லுக்கு ரத்தப் பரிசோதனையா? சர்க்கரை இருக்கா?"

பெயர் தெரிந்ததா என்று கேட்டார். இனம் தெரிந்தது, ஊர் தெரியவில்லை என்றேன். மூன்று வருடம் கல்லைப் படித்தவளுக்கு வீட்டுக்கு வந்த கல்லோடு அறிமுகம் இல்லையா என்றார். கேலிதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. வேலை கிடைக்காத ஒவ்வொரு மாதமும் அந்தப் படிப்பு எதற்கு என்று யாரும் கேட்காமலே நானே கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கல்லுக்கு ஒரு பெயர் சொல்லிவிட்டால் அதற்கும் சேர்த்துப் பதில் சொன்னதாகிவிடும் என்று நினைத்தேன்.

கத்தி தீட்டுகிறவர்கள் கூடுகிற ஒரு இணையக் குழுவில் படங்களைப் போட்டேன். ஒருவர் சிலேட் என்றார். இன்னொருவர் கூரை ஓட்டுத் துண்டு என்றார். ஒருவர் கல்லறைக் கல்லாக இருக்கும், பெயர் எழுதியிருக்கிறதா பார் என்றார். கதவு மூடாமலிருக்க முட்டுக்கொடுக்க நல்லது என்று ஒருவர். எப்போதும் கோபமாகவே எழுதுகிற ஒருவர் மட்டும், மேல் முகத்தைப் பார்த்துக் குறி சொல்ல நாங்கள் ஜோசியர்களா, பக்கவாட்டைக் காட்டு, அடியைக் காட்டு என்று எழுதியிருந்தார். சில கற்கள் ஒரே துண்டில் இரண்டு பாறைகளாக இருக்கும் என்பதையும் கடைசியில் சேர்த்திருந்தார்.

பக்கவாட்டும் அடியும் பெட்டிக்குள் இருந்தன.

நான் ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். பெட்டியிலிருந்து கல்லைப் பிரித்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். அத்தை ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் நிற்காமலே, வேண்டாம் என்றாள். உடைந்துவிடும் என்றாள். மெதுவாக எடுக்கலாம் என்றேன். வேண்டாம் என்றால் வேண்டாம். அந்த ஆள் போன பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது நல்ல கல்லுன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் என்ன? கைதான்னு ஆயிடும்ல. இப்ப சந்தேகமாவது இருக்கு. அதையும் பிடுங்கணுமா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. பேருந்தில் திரும்பும்போது முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கல்லின் பெயர் எனக்கு வேண்டியிருந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது அந்தச் சந்தேகம். இரண்டில் எது பெரியது என்று எந்தத் தேர்விலும் கேட்டதில்லை. கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதென்று முடிவு செய்தேன். கொடுக்கப் போன அன்று தபால்காரர் நாற்காலியில் இருந்தார்.

ஓய்வுபெற்ற தபால்காரர் அவர். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ஒரு கீறல் விழுந்தால் ரத்தம் சீக்கிரம் நிற்காது. அதனாலேயே வருடக்கணக்காக அத்தையைத் தவிர வேறு யாரிடமும் போகாதவர். நான் உள்ளே நுழைந்தபோது அவர் கழுத்தில் அத்தை பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றுமே இல்லை, தெரியவே இல்லை, தான்தான் அசைந்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். போகும்போது வாசலில் நின்று இன்னொரு முறையும் சொன்னார்.

அத்தை நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"அவர் அசையல. சிலை மாதிரி உக்காந்திருந்தார். என் நாற்காலில உக்காந்து யாரும் பொய் சொன்னதில்லடி. என் மேல இரக்கப்பட்டுச் சொல்றார் பாரு." துண்டை மடித்து வைத்தாள். "அந்தக் கல்லைக் குடு. பிரிச்சுப் பாத்துடுவோம். கையோ கல்லோ, ஒண்ணு தெரிஞ்சு போகட்டும்."

மதியம் ஆள் வராத நேரத்தில் கடைக் கதவைச் சாத்தினோம். அரக்கு சூட்டுக்கு இளகும். ஆனால் சிலேட் இனக் கல்லை ஒரே பக்கம் சுட வைத்தால் அடுக்கு விட்டுப் பிளந்துவிடும். இந்த இரண்டும் எனக்குத் தெரியும். அதனால் பயமும் எனக்குத்தான் அதிகம். தலைமுடி உலர்த்தும் டிரையரை ஒல்லி தள்ளிப் பிடித்துக்கொண்டு பெட்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி காட்டு என்று சொல்லியிருந்தேன். தன் மூன்று பிள்ளைகளும் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்ததே இல்லை என்றான். அரக்கு பளபளக்கத் தொடங்கியதும் அத்தை தேய்ந்துபோன ஒரு பழைய கத்தியை எடுத்து, மரத்துக்கும் கல்லுக்கும் இடையில் விட்டாள். ஓர் அங்குலம் போவாள், நிறுத்துவாள், டிரையர் வரும், மறுபடி ஓர் அங்குலம். மரத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. நான் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவள். அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி மூலையில் 'டக்' என்று ஒரு சத்தம். மூன்று பேரும் அப்படியே நின்றோம். உடைந்தது அரக்குத்தான். அத்தை பெட்டியைக் கவிழ்த்து, கல்லைத் துண்டில் விழவைத்தாள்.

அடிப்பக்கம் வெண்ணெய் நிறத்தில் இருந்தது.

பக்கவாட்டில் பார்த்தால் கல்லின் முக்கால்வாசி கத்திரிப்பூச் சாம்பல், மீதிக் கால்வாசி மஞ்சள். இரண்டுக்கும் நடுவே அலையலையாக ஒரு கோடு. மனிதர் ஒட்டியதல்ல, மண்ணுக்கடியில் சேர்ந்தே உருவானவை. லென்ஸை வைத்தேன். மேல் முகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த அதே புள்ளிகள் இங்கே சர்க்கரை கொட்டியதுபோல் நெருக்கமாக, இன்னும் சின்னதாக இருந்தன. சாம்பல் பக்கம் கத்தியை மெல்ல அறுக்கும், அவ்வளவுதான். சவரக்கத்திக்கு முடிவான பதம் தருவது இந்த மஞ்சள் முகம். அத்தை இத்தனை மாதமும் கல்லின் முதுகில் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இதை என்னால் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது. ஊர் இன்னமும் தெரியாது என்பதையும் சொன்னேன்.

மஞ்சள் முகத்தின் நடுவில் லேசான குழிவு இருந்தது. அத்தை கட்டைவிரலால் அதைத் தடவினாள். யாரோ இதில் வருடக்கணக்காகத் தீட்டியிருக்கிறார்கள். அப்புறம் ஏன் கவிழ்த்து ஒட்டினார்கள் என்று நான் கேட்டேன். அத்தை கல்லைப் புரட்டி இரண்டு முகத்தையும் பார்த்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"நாலு பேரு இருக்கிற கடைல நல்ல கல்லை எவன் மேல வெப்பான்? எல்லாப் பயலும் கத்தரிக்கோலைத் தேய்ப்பான், பேனாக்கத்தியைத் தேய்ப்பான். எங்க முதலாளியும் அதேதான். பகல்ல கல்லு குப்புறப் படுத்திருக்கும். எல்லாரும் போனதும் திருப்பிப் போட்டு அவர் கத்தியை மட்டும் தீட்டுவார்."

'மூணு கண்ணாடி' முதலாளியும் அப்படிக் கவிழ்த்து வைத்திருப்பார். பிறகு வந்த யாரோ ஒருவர், கல் பெட்டிக்குள் ஆடுகிறதே என்று அக்கறையாக அரக்கைக் காய்ச்சி ஊற்றியிருப்பார். கவிழ்ந்தது கவிழ்ந்தபடியே நின்றுவிட்டது. அத்தை இதை ஊகமாகத்தான் சொன்னாள். "எனக்கே தோணல பாரு. நானே அந்த மாதிரிக் கடைல இருந்தவ." அந்த வியப்பு அவளுக்கு நெடுநேரம் போகவில்லை.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவள் முகம் மாறியது. இனி கத்தி இழுத்தால் கல்லைக் குறை சொல்ல வழியில்லை. எனக்கும் அது அப்போதுதான் உறைத்தது.

குழிவைச் சமமாக்க, கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் விட்டு, நானும் ஒல்லியும் மாறி மாறித் தேய்த்தோம். முகம் தட்டையானதும் அத்தை கல்லை ஈரத்துணியில் வைத்தாள். சின்னத் துண்டுக் கல்லால் மேலே தேய்த்துப் பால்போல் ஒரு கரைசல் வரவைத்தாள். தன் கத்தியைத் திறந்து படுக்க வைத்தாள். போக, வர. போக, வர. சாம்பல் முகத்தில் தீட்டும்போது ஒரு வறட்டுச் சத்தம் வரும். இதில் சத்தம் குறைந்துகொண்டே போனது. வெள்ளைக் கரைசல் மெல்லக் கறுத்தது. இரும்பு இறங்குகிறது என்று அர்த்தம். அவ்வப்போது தண்ணீர் ஒரு சொட்டு விட்டாள். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, கடைசி இரண்டு விரல்களையும் தேய்த்துவிட்டுக்கொண்டாள். பிறகு தொடர்ந்தாள். கழுவித் துடைத்து, தோல்வாரில் இழுத்தாள்.

வழக்கமாக முன்கையில் ஒரு முடியை மழித்துப் பதம் பார்ப்பாள். அன்றைக்குப் பார்க்கவில்லை.

"உங்கப்பனுக்கு போன் போடு" என்றாள்.

அப்பா வேனை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும், பலி கொடுக்க ஆள் வேண்டும் என்றால் ஒல்லி இருக்கிறானே என்றார். ஒல்லிக்குத் தாடி நான்கு முடிதான், அதை வைத்து ஒன்றும் தெரியாது என்றாள் அத்தை. சட்டைக் காலரை உள்ளே மடித்து, துணி போர்த்தி, நுரை பூசினாள். கத்தியை எடுத்தவள், அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். எனக்காகத் தூங்குற மாதிரி நடிச்சே, காதை அறுத்துருவேன்."

"நான் எதுக்கு நடிக்கப் போறேன்? இழுத்தா கத்துவேன். தெருவே கேக்கும்."

கத்தி இடது காதோரம் இறங்கியது. அப்பா ரொட்டிக் கம்பெனியின் புது மேனேஜரைப் பற்றி ஆரம்பித்தார். அந்த ஆள் வேனுக்குள் பூனை ஏறியதற்கு ஓட்டுநரிடம் விளக்கம் கேட்டானாம். பூனை கதவைத் தட்டிவிட்டு வராது என்று அப்பா சொன்னாராம். அதற்கு அவன், "அப்படின்னா கதவை..."

கதவை என்ன செய்யச் சொன்னான் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்பாவின் வாய் அப்படியே நின்றிருந்தது. அத்தை கத்தியை எடுத்துத் துடைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் தங்கைக்காக எதையும் செய்வார், நடிக்கவும் செய்வார். போர்த்திய துணி மெல்ல ஏறி இறங்கியது. ஒரு செருப்பு காலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதையும் நடிக்கலாம்.

ஒல்லி ரேடியோவைக் குறைத்துவிட்டு ஜன்னலருகே போனான். சாதாரணக் குரலில் சொன்னான். "அண்ணே, உங்க வேன் மேல எவனோ சாவியால கோடு போடுறான்."

வேனில் தூசி விழுந்தாலே பாதிச் சோற்றில் எழுந்து ஓடுகிறவர் அப்பா. அவர் இமை அசையவில்லை. கொஞ்சம் கழித்து, தொண்டைக்குள்ளிருந்து அந்தப் பழைய குறட்டை கிளம்பியது.

ஒல்லி வாயைப் பொத்திக்கொண்டான். எனக்குக் கண்கள் கலங்கின; எதற்கென்று அப்போது யோசிக்கவில்லை. அத்தை மட்டும் எதுவும் நடக்காததுபோல் கத்தியை வாரில் இரண்டு இழுப்பு இழுத்தாள். கட்டடக்காரரிடம் பேச வேண்டும், சாயந்திரம் ஞாபகப்படுத்து என்று ஒல்லியிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். விரலை டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும் என்றேன் நான். போகலாம் என்று தலையாட்டினாள்.

பிறகு அப்பாவின் தலையை இரண்டு கையாலும் மெல்லத் திருப்பி வைத்துவிட்டு, வலது கன்னத்துக்குப் போனாள்.